மீந்த இறைச்சி சாஸை என்ன செய்வது?

பாஸ்தாவுக்குச் செய்த கொத்துக்கறி சாஸ் இரண்டு கப் மீந்துவிட்டது, வீட்டில் யாரும் மறுபடி பாஸ்தா தொடத் தயாராக இல்லை என்று எழுதியிருந்தீர்கள். செய்து எத்தனை நாள் ஆனது என்று சொல்லவில்லை. ஃபிரிட்ஜில் 3, 4 நாள் தாங்கும். அதற்கு மேல் என்றால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

என் ஓட்டு முட்டைக்குத்தான். அகலமான வாணலியில் சாஸோடு கொஞ்சம் தண்ணீர் விட்டு நன்றாகக் கொதிக்க வையுங்கள். கரண்டியால் நான்கு குழி செய்து, ஒவ்வொன்றிலும் ஒரு முட்டையை உடைத்து ஊற்றி, தீயைக் குறைத்து மூடிவிடுங்கள். சில நிமிடங்களில் வெள்ளைக்கரு இறுகிவிடும். ரொட்டியைத் தொட்டுச் சாப்பிட்டால் பாஸ்தா ஞாபகமே வராது. சாஸில் ஏற்கெனவே உப்பு இருக்கும், அதனால் மேலே தூவ வேண்டாம்.

ஓவன் இருந்தால், சாஸின் மேல் மசித்த உருளைக்கிழங்கைப் பரப்பி 200 டிகிரி செல்சியஸில் பொன்னிறமாகும் வரை சுடலாம். சாஸ் நீர்த்திருந்தால் முதலில் சுண்ட வையுங்கள், இல்லாவிட்டால் கிழங்கு உள்ளே அமிழ்ந்துவிடும். குடைமிளகாயில் அடைத்துச் சுடச் சொல்வார்கள். படுகிற பாட்டுக்கு அந்த ருசி ஈடாகாது என்பது என் எண்ணம்.

சோம்பலாக இருக்கிறதா? வேகவைத்த ராஜ்மா, சீரகத்தூள், மிளகாய்த்தூள் சேர்த்துக் கொதிக்கவிடுங்கள், வேறு குழம்பாகிவிடும்.

இதெல்லாம் இப்போது வேண்டாம் என்றால், சிறு பைகளில் தட்டையாக நிரப்பி இன்றைக்கே ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். 2, 3 மாதம் ருசி பெரிதாகக் குறையாது. உறைந்ததை வெளியே வைத்து இளக்காமல், முந்தின இரவே ஃபிரிட்ஜுக்கு மாற்றுங்கள்.