பட்டியலில் பெயர் இருந்தால் போதுமா?

பெண்களும் அரசியலும் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இம்முறை பதில் தருகிறோம். அதிகம் பேர் கேட்டது இலங்கையின் உள்ளூராட்சி பற்றித்தான். ஆகவே அங்கிருந்து தொடங்குகிறோம்.

2018இல் எங்கள் பிரதேச சபைக்குக் கட்சி கொடுத்த மேலதிகப் பட்டியலில் என் பெயர் இரண்டாவதாக இருந்தது. பட்டியலில் இரண்டு ஆசனம் கிடைத்தும் என்னை விட்டுவிட்டு ஒன்பதாவதாக இருந்தவருக்குக் கொடுத்தார்கள். கேட்டால், “பிள்ளை, நீர் இளம் ஆள்தானே, அடுத்தமுறை பாப்பம்” என்றார்கள். வரிசைப்படிதானே தரவேண்டும்?
– வாசகி, கரவெட்டி

இல்லை. வருத்தமான பதில்தான், ஆனாலும் இதைத் தெரிந்துகொள்ளாமல் அடுத்தமுறை இறங்கவேண்டாம். அந்தப் பட்டியலில் 1, 2, 3 என்ற எண்களுக்குச் சட்டத்தில் பெறுமதி இல்லை. வாக்கு எண்ணி முடிந்தபின் யாரை உறுப்பினராக்குவது என்பதைக் கட்சியின் செயலாளர் தீர்மானிக்கிறார். பட்டியலில் உள்ளவரையும் எடுக்கலாம், வட்டாரத்தில் தோற்றவரையும் எடுக்கலாம்.

முறை இதுதான். ஒவ்வொரு சபையிலும் ஏறத்தாழ 60 வீதமான உறுப்பினர்கள் வட்டாரங்களில் நேரடியாகத் தெரிவாகிறார்கள், மீதி 40 வீதம் விகிதாசாரப்படி, அதாவது கட்சி பெற்ற வாக்குக்கு ஏற்ப, வருகிறது. மேலதிகப் பட்டியல் கொடுப்பது இதற்குத்தான். 2016, 2017 ஆண்டுகளின் திருத்தச் சட்டங்கள் சபையின் மொத்த உறுப்பினரில் 25 வீதம் பெண்களாக இருக்கவேண்டும் என்கின்றன. ஆனால் வேட்புமனுவில் கேட்பது வேறு. வட்டார வேட்பாளரில் 10 வீதமும் மேலதிகப் பட்டியலில் 50 வீதமும் பெண்களாக இருந்தால் போதும். யாழ் மாநகர சபையின் 27 வட்டாரங்களை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று பெண்களை நிறுத்தினால் கட்சியின் கடமை முடிந்துவிடும். அதனால் வெல்லக்கூடிய வட்டாரங்கள் ஆண்களுக்குப் போகின்றன, பெண்கள் பட்டியலுக்குத் தள்ளப்படுகிறார்கள்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. ஒரு கட்சிக்குப் பெற்ற வாக்குப்படி மொத்தம் 8 ஆசனத்துக்கு உரித்து வருகிறது, வட்டாரங்களில் 7 ஆண்கள் வென்றுவிட்டார்கள் என்று வையுங்கள். பட்டியலுக்கு மிஞ்சுவது 1. அந்தக் கட்சி மனம்வைத்தாலும் ஒரு பெண்ணைத்தான் கொண்டுவர முடியும். மறுபக்கம், 20 வீதத்துக்குக் குறைவான வாக்குப் பெற்று மூன்றுக்குக் குறைவான ஆசனமே கிடைத்த கட்சிக்குப் பெண்ணை நியமிக்கும் கட்டாயம் இல்லை. கட்சிகளும் சுயேச்சைக் குழுக்களும் பெருகிக் கிடக்கும் எங்கள் பக்கத்துச் சபைகளில் ஒன்றும் இரண்டுமாக ஆசனம் எடுக்கும் அணிகள் பல. எல்லாவற்றுக்கும் விலக்குக் கிடைத்தால் 25 வீதம் எங்கிருந்து வரும்?

இவ்வளவு ஓட்டை இருந்தும் சட்டம் வேலை செய்தது என்பதையும் சொல்லவேண்டும். நாடு முழுவதும் உள்ளூராட்சியில் ஏறத்தாழ 2 வீதமாக இருந்த பெண்கள் 2018 பெப்ரவரித் தேர்தலோடு 1,900க்கு மேற்பட்டோரானார்கள்.

அடுத்தமுறை நீங்கள் செய்யக்கூடியவை: முதலில் வட்டாரத்தைக் கேளுங்கள். பட்டியல்தான் என்றால், வேட்புமனுவில் கையெழுத்திடும் முன்பு, எத்தனை ஆசனம் வந்தால் யார் யாருக்கு என்பதைக் கட்சியின் கிளைக் கூட்டத்தில் தீர்மானமாக நிறைவேற்றி, கூட்டக்குறிப்பின் பிரதியைக் கையில் வைத்திருங்கள். நீதிமன்றத்தில் அது எவ்வளவு செல்லும் என்பதை விட்டுவிடுவோம். அடுத்தநாள் “அப்படி ஒண்டும் கதைக்கேல்லையே” என்று யாரும் சொல்லமுடியாது, அதுவே பெரிய விஷயம். திகதி போடாத பதவிவிலகல் கடிதத்தில் மட்டும் ஒருபோதும் கையெழுத்து வைக்கவேண்டாம். பதவியை ஆளுக்குக் கொஞ்சக் காலமாகப் பங்கிடும் ‘சுழற்சி முறை’ என்று இனிப்பாகச் சொல்லி அதைக் கேட்பார்கள். எழுதிக் கொடுத்தபின் உங்கள் பதவிக்காலம் அந்தக் கடிதம் எந்த மேசை லாச்சியில் கிடக்கிறதோ அவருடைய கையில்தான்.

மற்ற நாடுகளில் இந்த ஒதுக்கீடு எப்படி வேலை செய்கிறது? நல்ல உதாரணம் ஏதும் உண்டா?
– வாசகர், சுன்னாகம்

உலக நாடாளுமன்றங்களில் பெண்களின் பங்கு 1995இல் 11 வீதமளவில் இருந்தது, 2025இல் 27 வீதமளவு. முப்பது ஆண்டுக்கு இது மெதுவான நடைதான். விரைவாக ஏறிய நாடுகளைப் பார்த்தால், எத்தனை வீதம் என்பதைவிட எந்த இடம், மீறினால் என்ன தண்டனை என்ற இரண்டையும் சட்டத்தில் எழுதியவைதான் முன்னுக்கு வந்திருக்கின்றன.

1991இல் அர்ஜென்டினா, வேட்பாளர் பட்டியலில் 30 வீதம் பெண்கள், அதுவும் வெல்லக்கூடிய இடங்களில், என்று எழுதியது. பிரான்ஸ் 2000இல் சமபங்குச் சட்டம் கொண்டுவந்தபோது, தேசிய சபைத் தேர்தலில் அதை மீறும் கட்சிக்கு அரச நிதியைக் குறைப்பதோடு நிறுத்திக்கொண்டது. பெரிய கட்சிகள் பணத்தை இழந்தாலும் பரவாயில்லை என்று ஆண்களையே நிறுத்தின. 2002இல் அங்கு பெண்கள் 12 வீதத்தைச் சற்றுத் தாண்டியதோடு சரி. குறைபாடுள்ள வேட்புமனுவையே நிராகரிப்பது எங்கள் சட்டத்தின் நல்ல பக்கம்.

மெக்சிகோவின் கதை கரவெட்டி வாசகிக்கும் பொருந்தும். 2009இல் தெரிவான பல பெண் உறுப்பினர்கள் பதவியேற்ற கையோடு விலகினார்கள். இடத்துக்கு வந்தவர்கள் மாற்று உறுப்பினராகப் பெயர் கொடுத்திருந்த ஆண்கள். 2011இல் தேர்தல் நீதிமன்றம், பெண் வேட்பாளருக்கு மாற்றாளும் பெண்ணாகவே இருக்கவேண்டும் என்று தீர்த்து அந்த வழியை அடைத்தது. ருவாண்டாவில் 80 பேர் கொண்ட கீழ்ச்சபையில் 24 இடங்கள் பெண்களுக்கென்றே உண்டு. அவற்றுக்கு வெளியேயும் கட்சிகள் பெண்களைப் பட்டியலில் மேலே போட்டதால் 2008இலிருந்து அங்கு பெண்களே பெரும்பான்மை.

நேபாளத்தில் 2017 உள்ளூராட்சித் தேர்தலுக்கு ஒரு விதி: தலைவர், உபதலைவர் இரண்டு பதவிக்கும் ஒரு கட்சி ஆள் நிறுத்தினால் ஒருவர் பெண்ணாக இருக்கவேண்டும். தெரிவானவர்களில் 40 வீதத்துக்கு மேல் பெண்கள் வந்தார்கள். ஆனால் 753 சபைகளில் தலைவராக வந்த பெண்கள் 18 பேர்தான். மற்ற இடங்களில் ‘உப’ என்ற சொல்லோடு உட்காரவைத்தார்கள். கூட்டணி வைத்து ஆளுக்கொரு பதவிக்குப் போட்டியிட்டால் விதியே பொருந்தாது என்பதையும் கட்சிகள் கண்டுபிடித்துக்கொண்டன. எங்கள் ஊர்ச் சங்கங்களில் பெண்ணைப் பொருளாளராக்கிவிட்டுத் தலைவர் கதிரையை ஆண் வைத்திருப்பது இதே கணக்குத்தான்.

பெண்களே பெண்களுக்குப் போடுவதில்லை. பிறகு ஒதுக்கீடு எதற்கு?
– வாசகர், வேலணை

2013 வட மாகாண சபைத் தேர்தலில் யாழ் மாவட்டத்தில் அனந்தி சசிதரனுக்கு 87,870 விருப்பு வாக்குகள். மாவட்டத்தில் இரண்டாவது இடம். 1932இலேயே நேசம் சரவணமுத்து கொழும்பு வடக்கில் வென்று அன்றைய சட்டசபையான அரசாங்க சபைக்குப் போனார். 1998இல் யாழ் மாநகர முதல்வரான சரோஜினி யோகேஸ்வரன் பதவியேற்ற சில மாதங்களில் கொல்லப்பட்டார். அந்தப் பதவியில் இருந்த முதல் பெண் அவர். 2025இல் மதிவதனி விவேகானந்தராஜா அதே பதவிக்கு வந்தார். யாழ்ப்பாணத்து வாக்காளர் பெண்ணுக்குப் போடமாட்டார் என்பது உண்மையில்லை. போடுவதற்குப் பெயர் வேண்டும். நாடாளுமன்றத்துக்கு ஒதுக்கீடு இல்லை. 2024இல் யாழ் மாவட்டத்தின் ஆறு ஆசனங்களிலும் ஆண்கள்தான்.

வேட்புமனுவில் பெண்களின் பெயர்கள்தான் கடைசி நேரத்தில் பிரச்சினையாகின்றன. எதைக் கவனிக்கவேண்டும்?
– சுயேச்சைக் குழுவொன்றின் அமைப்பாளர், சாவகச்சேரி

உங்கள் குழுவில் பெண்களைக் கடைசி இரவில் தேடினால் அப்படித்தான் ஆகும். எண்ணிக்கை நிரப்ப ஒன்றுவிட்ட மச்சாளின் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு ஓடுவதை விட்டுவிடுங்கள்.

கட்டுப்பணம் சுயேச்சைக் குழு வேட்பாளர் ஒருவருக்கு 5,000 ரூபா, கட்சி வேட்பாளருக்கு 1,500 ரூபா. வேட்புமனு ஏற்கும் கடைசி நாளுக்கு முந்தியநாள் நண்பகலோடு கட்டுப்பணம் ஏற்பது முடிந்துவிடும். மனு கடைசி நாள் நண்பகல் வரை, ஆட்சேபம் 1.30 வரை. நண்பகல் தாண்டினால் ஒரு எழுத்தைக்கூடத் திருத்தமுடியாது. ஒவ்வொருவரின் சம்மதக் கையெழுத்தும், அரசியலமைப்பின்படியான சத்தியமும் மனுவோடு இருக்கவேண்டும். வேட்பாளர் வெளியூரில் நின்றால் சமாதான நீதவான் முன் சத்தியம் செய்ய ஆள் இருக்காது. அடிக்கடி தவறுவது இதுதான். 2025இல் பிறப்புச் சான்றிதழ்ப் பிரதிகளால் பல மனுக்கள் நிராகரிக்கப்பட்டு நீதிமன்றம்வரை போயின. அத்தாட்சிப்படுத்திய பிரதியை ஒரு மாதம் முன்பே எடுத்து வையுங்கள்.

பெண்களின் எண்ணிக்கை ஒன்று குறைந்தாலும் மனு முழுவதும் விழலாம். ஆகவே தேவைக்கு மேல் இரண்டு மூன்று பெண்களுக்கு எல்லா ஆவணமும் தயாராக இருக்கட்டும். தேர்தல் முடிந்தபின் இன்னொன்று உண்டு. 2023ஆம் ஆண்டின் தேர்தல் செலவின ஒழுங்குபடுத்தல் சட்டப்படி, பெறுபேறு வெளியாகி 21 நாளுக்குள் செலவு அறிக்கை கொடுக்கவேண்டும். தோற்றவரும்தான். உங்கள் பட்டியலில் ‘சும்மா பெயர் கொடுத்த’ பெண்களுக்கு இதை யாராவது சொன்னீர்களா?

வட்டாரத்தில் நிற்கப் பணம் வேண்டும். சீதனமாக வந்த காணி என் பெயரில் இருக்கிறது. கணவர் கனடாவில். ஈடு வைக்கலாமா?
– வாசகி, கோண்டாவில்

யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்டவர் என்றால், உறுதி உங்கள் பெயரில் இருந்தாலும் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் காணியை விற்கவோ ஈடு வைக்கவோ முடியாது. 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வாரிசுரிமைக் கட்டளைச் சட்டம் அப்படிச் சொல்கிறது. நகை போன்ற அசையும் சொத்துக்கு அந்தச் சம்மதம் தேவையில்லை. கணவர் நியாயமின்றி மறுத்தால் மாவட்ட நீதிமன்றத்தில் அனுமதி கேட்கலாம், ஆனால் தேர்தல் திகதிக்குள் அது முடியும் என்று நம்பி இறங்கமுடியாது. அரசியலில் ஒரு பெண் எங்கே மறிக்கப்படுகிறாள் என்று கேட்பவர்களுக்கு நூறு ஆண்டு தாண்டிய இந்தச் சட்டத்தைக் காட்டலாம்.

எங்கள் கருத்து, வட்டாரத் தேர்தலுக்குக் காணியைத் தொடவேண்டாம். வட்டாரம் நடந்து முடிக்கக்கூடிய இடம். 600 வீடு என்றால் ஒரு நாளைக்கு 15 வீடாக 40 நாள். ஒரு கொப்பி வாங்கி ஒழுங்கை ஒழுங்கையாகப் பிரியுங்கள். எந்த வீட்டில் என்ன குறை சொன்னார்கள் என்று அன்றிரவே எழுதுங்கள்: தெருவிளக்கு, வாய்க்கால் மண்மூடியது, குப்பை வண்டி வராதது. இரண்டாம் சுற்றில் அதைச் சொல்லிக்கொண்டு படலையைத் தட்டினால் உங்களை மறக்கமாட்டார்கள். தனியாகப் போகாமல் அந்த ஒழுங்கைக்காரி ஒருவரைக் கூட்டிப் போங்கள்.

தெரிவாகிவிட்டேன். கூட்டத்தில் நான் எழுந்தாலே சத்தம் போடுகிறார்கள்.
– பிரதேச சபை உறுப்பினர், வலிகாமம்

வாயால் சொன்னது சத்தத்தில் கரைந்துவிடும், எழுதிக் கொடுத்த பிரேரணை நிகழ்ச்சிநிரலில் ஏறும். ஆகவே எல்லாவற்றையும் எழுத்தில் கொடுத்து, பிரதியில் அலுவலகத்தின் திகதி முத்திரை வாங்குங்கள். அடுத்த கூட்டத்தில் கூட்டக்குறிப்பு உறுதிப்படுத்தும்போது உங்கள் பேச்சு விடுபட்டிருந்தால் அந்த இடத்திலேயே திருத்தம் கேளுங்கள். உறுதியானபின் கேட்டுப் பயனில்லை. வழிமொழிய ஒருவர் தேவை. மற்றக் கட்சிப் பெண்களோடு முதல்நாளே பேசி வையுங்கள், ஒருவர் முன்மொழிந்தால் மற்றவர் வழிமொழிவது என்று.

அடுத்தது பாதீடு, அதாவது சபையின் வரவுசெலவுத் திட்டம். ஆண்டு முடிவில் வாக்கெடுப்புக்கு வரும்போது பார்த்தால் பிந்திவிடும், வரைவு தயாராகும் மாதங்களிலேயே கேட்டு வாங்குங்கள். வருமானப் பக்கத்தில் சோலைவரி நிலுவை, சந்தைக் குத்தகை, வியாபார அனுமதிக் கட்டணம், முத்திரைத் தீர்வை ஆகிய நான்கையும் சென்ற ஆண்டின் உண்மையான வரவோடு ஒப்பிடுங்கள். மதிப்பீட்டைக் கூட்டிக் காட்டியிருந்தால், பணம் வராதபோது முதலில் வெட்டப்படுவது சிறிய வேலைகள்தான்: சந்தையில் பெண்களுக்கான மலசலகூடம், முன்பள்ளி வேலி. உங்கள் வேலைக்குத் தனித் தலைப்பும் தொகையும் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ‘ஏனையவை’க்குள் போட்டால் அது நடக்காது. இந்தியாவில் பெண்களுக்கு ஒதுக்கிய கிராமத் தலைமைகளை ஆராய்ந்தபோது மேற்கு வங்காளத்தில் குடிநீருக்குச் செலவு கூடியிருந்தது. பெண் எந்தக் கதிரையில் இருக்கிறாள் என்பது தண்ணீர்க் குழாயில் தெரியும்.

முகநூலில் என் படத்தை வைத்து அசிங்கமாக எழுதுகிறார்கள்.
– வாசகி, பருத்தித்துறை

ஆத்திரத்தில் அழிக்கவோ பதில் எழுதவோ வேண்டாம். பதிவின் இணைப்பு, கணக்கின் பெயர், திகதி, நேரம் எல்லாம் தெரியும்படி திரையைப் படமாக (ஸ்கிரீன்ஷொட்) எடுத்து, இன்னொருவரின் கைபேசிக்கும் அனுப்பி வையுங்கள். பிறகு பொலிஸில் முறைப்பாடு செய்து அதன் இலக்கத்தை வாங்குங்கள். தேர்தல் காலமென்றால் தேர்தல்கள் ஆணைக்குழுவுக்கும் எழுதுங்கள். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938.

கலியாணம் முடித்துக் கோப்பாய்க்கு வந்து ஒரு வருடம். இங்கே நிற்கலாமா?
– வாசகி, கோப்பாய்

நீங்கள் போட்டியிடும் சபைப் பிரதேசத்தின் வாக்காளர் இடாப்பில் உங்கள் பெயர் இருக்கவேண்டும். கலியாணம் முடித்த பல பெண்களின் பெயர் தாய்வீட்டு இடாப்பிலேயே கிடக்கிறது. பெப்ரவரி 1ஆம் திகதி எங்கே வசிக்கிறீர்களோ அந்த முகவரியில்தான் பதிவு. கிராம அலுவலரிடம் வாக்காளர் பதிவுக்கான பீ.சி. படிவத்தை நிரப்பிக் கொடுங்கள், வரைவு இடாப்பு பார்வைக்கு வைக்கும்போது பெயரும் அடையாள அட்டை இலக்கமும் சரியா என்று நேரில் போய்ப் பாருங்கள். விடுபட்டிருந்தால் உரிமைக்கோரிக்கை கொடுக்க அந்தச் சில வாரங்கள்தான் இருக்கின்றன.