கிளை நூலகத்தில் விக்கிப்பீடியா தொடர்தொகுப்பு: அலமாரியிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: காரைக்குடிக்கு அருகில் ஓர் ஊரின் கிளை நூலகத்தில் வாசகர் வட்டம் நடத்துகிறோம். கோடை விடுமுறையில் கல்லூரி மாணவர்களையும் ஊர்ப் பெரியவர்களையும் ஒரு நாள் கூட்டி, தமிழ் விக்கிப்பீடியாவில் எங்கள் ஊர், கோயில், பழைய வீடுகள், பள்ளி கட்டிக்கொடுத்த வள்ளல் ஆகியவை பற்றி எழுத ஆசை. இப்படிப் பலர் ஒன்றுகூடி எழுதுவதைத் தொடர்தொகுப்பு என்கிறார்கள். நூலகத்தில் இருப்பது இரண்டே கணினி. எப்படித் தொடங்குவது? எழுதியதை நீக்கிவிடுவார்கள் என்கிறார்களே, உண்மையா?

பதில்: உண்மைதான், நீக்குவார்கள். பெரும்பாலும் சான்று இல்லாததால், அல்லது புகழுரையாக எழுதப்பட்டதால். நூலகத்தில் நடத்த நினைத்தீர்களே, இந்த இரண்டுக்கும் மருந்து அங்கேயே இருக்கிறது. கணினியின் எண்ணிக்கையைப் பற்றிக் கவலைப்படுவதற்கு முன்னால் அலமாரியைப் பாருங்கள்.

நிகழ்ச்சிக்கு இரண்டு வாரம் முன்பே நூலகரோடு மூன்று பேர் உட்கார்ந்து, உங்கள் வட்டாரத்தைப் பற்றிய நூல்களை எல்லாம் எடுத்து வையுங்கள். மாவட்ட வரலாறு, தலவரலாறு, கல்வெட்டுத் தொகுதிகள், பள்ளிப் பொன்விழா மலர், பழைய இதழ்கள், எதையும் விடவேண்டாம். ஒவ்வொரு நூலிலும் எந்தப் பக்கத்தில் எதைப் பற்றிய செய்தி இருக்கிறது என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிச் செருகுங்கள். யார் எதை எழுதுவது என்பதை அந்தச் சீட்டுகளே முடிவுசெய்யட்டும். தலைப்பை முதலில் பங்கிட்டுவிட்டு அப்புறம் சான்று தேடினால், நிகழ்ச்சி நாள் முழுவதும் தேடுவதிலேயே போய்விடும். செட்டிநாடு இந்த விஷயத்தில் கொடுத்துவைத்த பூமி. குமரன், ஊழியன் போன்ற இதழ்கள் காரைக்குடியிலிருந்தே வந்தன. கோட்டையூரில் ரோஜா முத்தையா வாழ்நாள் முழுவதும் சேர்த்த நூல்கள்தான் இன்று சென்னையில் அவர் பெயரில் ஆராய்ச்சி நூலகமாக இருக்கின்றன. உங்கள் அலமாரியில் இல்லாத பழைய நூல்களைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் தேடிப் பாருங்கள்.

உங்கள் பக்கத்து நூலகங்களிலும் வீடுகளிலும் நிறையக் கிடைப்பவை கும்பாபிஷேக மலரும் மணிவிழா மலரும். இவற்றைப் பயன்படுத்தத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. கும்பாபிஷேக மலரைத் திறந்தால் முதலில் ஆசியுரை, வாழ்த்துரை, பிறகு தலவரலாறு, ஓரிரு கட்டுரைகள், நன்கொடையாளர் பட்டியல், கடைசியில் விளம்பரங்கள். நமக்கு வேண்டியவை குடமுழுக்கு நடந்த ஆண்டு, திருப்பணியில் எந்த மண்டபம் கட்டப்பட்டது அல்லது புதுப்பிக்கப்பட்டது என்ற விவரம், கல்வெட்டுகளைப் பற்றி ஆசிரியர் பெயரோடு வந்த கட்டுரை. வாழ்த்துரையிலிருந்து ஒரு வரியும் எடுக்க வேண்டாம். தலபுராணச் செய்தியை ‘தலபுராணம் இவ்வாறு கூறுகிறது’ என்று சொல்லி எழுதுங்கள். அதை வரலாற்றுச் செய்தியோடு கலந்துவிடக் கூடாது.

மணிவிழா மலரில் இன்னும் கவனம் தேவை. அது குடும்பத்தாரும் நண்பர்களும் அன்பினால் வெளியிட்டது. பிறந்த ஆண்டு, படித்த பள்ளி போன்ற விவரங்களுக்கு அது போதும். ஆனால் ஒருவர் கலைக்களஞ்சியத்தில் தனிக் கட்டுரை பெறத் தக்கவர் என்று காட்ட, அவரோடு தொடர்பில்லாதவர்கள் எழுதியது வேண்டும்: நாளிதழ்ச் செய்தி, ஆய்வு நூல், பல்கலைக்கழக வெளியீடு. இதையே விக்கிப்பீடியாவில் ‘குறிப்பிடத்தக்கமை’ என்கிறார்கள். உங்கள் ஊர் வள்ளலுக்கு மலர் ஒன்றுதான் சான்று என்றால், ஊரைப் பற்றிய கட்டுரையில் பள்ளி என்ற தலைப்பின்கீழ் அவரைப் பற்றி இரண்டு வரி எழுதுங்கள். ‘கல்விக்கண் திறந்த ஈடு இணையற்ற வள்ளல்’ என்று எழுதினால் அடுத்த நாளே யாராவது நீக்குவார்கள். எந்த ஆண்டு, எந்த இடத்தில், எந்தப் பள்ளியைக் கட்டினார், எந்த நூலின் எந்தப் பக்கம் என்று எழுதிவிட்டால் அந்த வரி நிற்கும். அவருடைய பெருமையும் அதில் குறையாது.

முதல்முறை வருகிறவர்களைப் புதுக் கட்டுரை எழுதச் சொல்லாதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. ஏற்கெனவே உள்ள கட்டுரைகளில் சான்றில்லாத வாக்கியங்களுக்கு மேற்கோள், அதாவது எந்த நூலின் எந்தப் பக்கம் என்ற சான்றுக்குறிப்பு, சேர்க்கச் சொல்லுங்கள். உலக நூலகர்கள் 2016 முதல் இதையே ‘ஒரு நூலகர், ஒரு மேற்கோள்’ என்ற இயக்கமாக நடத்துகிறார்கள். ஆண்டுதோறும் ஜனவரி 15 முதல் பிப்ரவரி 5 வரை ஒருமுறை, மே 15 முதல் ஜூன் 5 வரை இன்னொரு முறை. ஜனவரியில் பொங்கல் குறுக்கிடும். மே மாதம் உங்கள் விடுமுறைக்குப் பொருந்துகிறது. நகரத்தாரின் ஒன்பது நகரக்கோயில்கள், ஆத்தங்குடித் தரைக்கல், 2019இல் புவிசார் குறியீடு பெற்ற கண்டாங்கிச் சேலை, 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் களங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இடம்பெற்ற செட்டிநாட்டு ஊர்கள், 1919இல் பாரதியார் காரைக்குடிக்கு வந்தது என்று கைவைக்கத் தக்க பொருள்கள் எத்தனையோ இருக்கின்றன.

கணினி இரண்டு போதும். மற்றவர்கள் கைப்பேசியிலேயே செய்யலாம். நீண்ட கட்டுரை எழுதுகிறவருக்குக் கணினியைக் கொடுங்கள். முக்கியமானது பயனர் கணக்கு. ஒரே இணைய இணைப்பிலிருந்து ஒரு நாளில் ஆறு கணக்குகளுக்கு மேல் தொடங்க விக்கிப்பீடியா விடாது. நூலக வைஃபையில் இருபது பேரும் அன்று காலையில் முயன்றால் ஏழாவது ஆளிலேயே நின்றுவிடும். ஆகவே ஒரு வாரம் முன்பே அவரவர் வீட்டிலிருந்து கணக்கு தொடங்கி வரச் சொல்லுங்கள். வாசகர் வட்டத்தின் பெயரில் ஒரு பொதுக் கணக்கு வைத்துக்கொள்வது விதிக்கு மாறானது. ஆளுக்கு ஒன்று வேண்டும். தமிழ் விக்கிப்பீடியாவில் பயனர்கள் பொதுவாகக் கலந்து பேசும் ‘ஆலமரத்தடி’ பக்கத்தில் நாளையும் இடத்தையும் அறிவித்தால், அனுபவமுள்ள பயனர்கள் நேரிலோ இணையவழியிலோ கைகொடுக்க வாய்ப்புண்டு. பத்துப் பேருக்கு ஒருவராவது தொகுக்கத் தெரிந்தவர் இல்லையென்றால் நாளைத் தள்ளிவையுங்கள். நூலகத் துறையின் அனுமதி வேண்டுமா என்று நூலகரிடம் கேட்டு, வேண்டுமென்றால் கடிதத்தை முன்கூட்டியே மாவட்ட நூலக அலுவலருக்கு அனுப்பிவிடுங்கள்.

பதிப்புரிமையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நூலில் உள்ள வாக்கியத்தை அப்படியே எழுதக் கூடாது. படித்துவிட்டு நூலை மூடி, சொந்த நடையில் எழுதி, பிறகு திறந்து சரிபார்க்க வேண்டும். பக்கங்களைப் படமெடுத்து ஏற்றவும் கூடாது. இந்தியச் சட்டப்படி ஆசிரியர் மறைந்த ஆண்டு முடிந்து 60 ஆண்டுகளுக்குப் பிறகே நூல் பதிப்புரிமை நீங்கி, யாரும் பயன்படுத்தத் தக்க பொதுச்சொத்தாகும். 1953இல் மறைந்த மகிபாலன்பட்டிப் பண்டிதமணி கதிரேசன் செட்டியாரின் நூல்கள் அப்படி ஆனவை. தட்டச்சில் ஆர்வமுள்ளவர்கள் அவற்றை, பதிப்புரிமை இல்லாத நூல்களை முழுமையாகச் சேர்த்துவைக்கும் விக்கிமூலம் தளத்தில் ஏற்றலாம். வீடுகளின் வெளித்தோற்றத்தைத் தெருவிலிருந்து நீங்களே படமெடுத்து ஏற்றத் தடையில்லை. முகப்பைத் தாண்டி வளவுக்குள் போவதென்றால், சாவி வைத்திருப்பவர் சரி என்றாலும் போதாது, பங்காளிகளின் சம்மதம் வேண்டும். சுவரில் மாட்டிய பழைய புகைப்படத்தைக் கையில் வைத்திருப்பவர் வேறு, அதன் உரிமையாளர் வேறு என்பதையும் மனத்தில் வையுங்கள்.

அன்று காலை பத்து மணிக்குத் தொடங்கினால் முதல் அரை மணியில் ‘மணல்தொட்டி’ என்ற பயிற்சிப் பக்கத்தில் பழகட்டும். பிறகு ஒரு நூல், ஒரு சீட்டு, இரண்டு பேர். பெரியவர் நூலைப் பார்த்துப் பொருள் சொல்ல, மாணவர் தட்டச்சு செய்யட்டும். இந்தச் சேர்க்கை நன்றாக நடக்கும். ‘எனக்குத் தெரியும், எங்கள் அப்பச்சி சொன்னார்’ என்று ஒருவர் சொல்வார். மதிப்போடு கேட்டுத் தனி நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். அச்சில் சான்று கிடைக்கும்வரை விக்கிப்பீடியாவில் ஏற்ற முடியாது. மேற்கோளில் ஆசிரியர், நூல் பெயர், பதிப்பகம், ஆண்டு, பக்க எண் ஐந்தும் இருக்க வேண்டும். பழைய நூல்களுக்கு, விவரங்களைத் தானாக நிரப்ப உதவும் பன்னாட்டுத் தர நூல் எண் (ISBN) இராது என்பதால் இவற்றைக் கையாலேயே நிரப்ப வேண்டியிருக்கும்.

தொட்ட கட்டுரைகளை எல்லாம் இரண்டு பேராவது கட்டுரையில் நடக்கும் மாற்றங்களைக் காட்டும் தங்கள் கவனிப்புப் பட்டியலில் சேர்த்துக்கொண்டு, அடுத்த ஒரு மாதம் ஒவ்வொரு கட்டுரைக்கும் உரிய உரையாடல் பக்கத்தைப் பாருங்கள். யாராவது கேள்வி எழுப்பியிருந்தால் நூலைத் திரும்ப எடுத்துப் பக்கத்தைப் பார்த்துப் பதில் எழுதுங்கள். எழுதி முடிக்காத சீட்டுகளை நூல்களிலிருந்து உருவிவிட வேண்டாம் என்று நூலகரிடம் சொல்லிவையுங்கள். அடுத்த கூட்டத்துக்கு அவை வேண்டும்.