டெர்மினலில் பைதான் பழகுவது: வடசென்னையிலிருந்து வந்த கேள்விகள்

வியாசர்பாடியிலிருந்து: அக்கா, நான் பி.காம் இரண்டாம் ஆண்டு. வீடியோ பார்க்கும்போது எல்லாம் புரிகிறது. தனியாக உட்கார்ந்தால் ஒரு வரிகூட வரமாட்டேன் என்கிறது. ஏன்?

வீடியோவில் அடுத்த வரியை யோசிப்பது அவர்கள் தம்பி, நீ இல்லை. டெர்மினலில், அதாவது கட்டளைகளைத் தட்டும் திரையில், பைதான் என்ற நிரல்மொழியைத் திற, மூன்று அம்புக்குறி வந்து நிற்கும். அங்கே ஒரு வரி தட்டினால் உடனே விடை வரும். ஆனால் என்டர் அழுத்துவதற்கு முன்னால், என்ன வரும் என்று நோட்டில் எழுதிவிடு. 7-ஐ 2-ஆல் ஒற்றைச் சாய்கோடு போட்டு வகுத்தால் 3.5, இரட்டைச் சாய்கோடு போட்டால் 3. சரி, -7-ஐ 2-ஆல் இரட்டைச் சாய்கோடு போட்டு வகுத்தால்? பலரும் -3 என்று எழுதுவார்கள். திரையில் -4 வரும். அந்த வகுத்தலில் பைதான் எப்போதும் கீழே இருக்கும் முழு எண்ணுக்குத்தான் போகும். நோட்டும் திரையும் ஒத்துப்போகாத இடங்களை மட்டும் வட்டமிட்டு, மறுநாள் அவற்றையே திரும்பத் தட்டிப் பார்.

காசிமேட்டிலிருந்து: கம்ப்யூட்டர் கிடையாது, ஆண்ட்ராய்டு போன்தான். முடியுமா அக்கா?

தாராளமாக. டெர்மக்ஸ் என்ற இலவச டெர்மினல் ஆப் இருக்கிறது, எஃப்-டிராய்டு என்ற ஆப் தளத்தில் கிடைக்கும். நிறுவுவதற்குத்தான் நெட் வேண்டும், அப்புறம் நெட் இல்லாமலே பைதான் ஓடும். நிரல் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருந்தால், வால்யூம் குறைக்கும் பொத்தானை அழுத்திக்கொண்டு சி எழுத்தைத் தட்டு, நின்றுவிடும்.

தண்டையார்பேட்டையிலிருந்து: பையன் பத்தாவது, தமிழ் மீடியம். எரர் வந்தால் உடனே மூடிவைத்துவிட்டு எழுந்துவிடுகிறான் மேடம்.

ஆங்கிலத்தில் மளமளவென்று கொட்டினால் யாருக்கும் மிரட்சிதான் அம்மா. கடைசி வரியை முதலில் படிக்கச் சொல்லுங்கள். என்ன வகைத் தவறு, ஏன் என்பது அங்கே இருக்கும். எந்த வரியில் என்பது அதற்குச் சற்று மேலே. ஆரம்பத்தில் திரும்பத் திரும்ப வருவது சில வகைகள்தான்: சின்டாக்ஸ் எரர் (எழுதும் முறையில் தவறு), நேம் எரர் (பைதானுக்குத் தெரியாத பெயர்), டைப் எரர் (எண், எழுத்து போன்ற வகை பொருந்தாதது), இன்டென்டேஷன் எரர் (வரியின் தொடக்க இடைவெளியில் தவறு). ஒவ்வொன்றையும் அவனே வேண்டுமென்றே ஒருமுறை வரவழைத்துப் பார்க்கட்டும், பயம் போய்விடும். எரரே வராத தவறுதான் எனக்குக் கவலை. இன்புட் (தட்டுவதை வாங்கும் கட்டளை) மூலம் வாங்கும் 10, 20 இரண்டையும் அப்படியே கூட்டினால் 30 வராது, 1020 வரும். பைதானுக்கு அவை எண்கள் அல்ல, வெறும் எழுத்துகள். இன்ட் போட்டு முழு எண்ணாக மாற்றிய பிறகுதான் கூட்ட வேண்டும்.

எண்ணூரிலிருந்து: ஷிப்ட் வேலை. தினமும் அரைமணி நேரம்தான் கிடைக்கும். போதுமா?

போதும் அண்ணா. தூக்கம் கண்ணைச் சுழற்றும் நாளில் மட்டும் விட்டுவிடுங்கள்.

திருவொற்றியூரிலிருந்து: அடிப்படை வந்துவிட்டது. டெர்மினலிலேயே வேறு என்ன பழகலாம்?

லினக்ஸ் இயங்குதளத்தின் கட்டளைகள் பழக ஓவர்தவயர் என்ற இணையதளத்தின் பாண்டிட் விளையாட்டு. ஒவ்வொரு நிலையிலும் அடுத்த நிலைக்கான பாஸ்வேர்டைத் தேடி எடுக்க வேண்டும். யூடியூபில் விடை பார்த்துவிட்டால் அதோடு பயிற்சி போச்சு. ரஸ்ட் என்ற இன்னொரு நிரல்மொழியில் ஆசை இருந்தால் ரஸ்ட்லிங்ஸ் பயிற்சி: கம்பைல் ஆகாத (பிழையால் ஓடும் வடிவத்துக்கு மாறாத) சின்னச் சின்ன நிரல்களாகத் தரும், ஒன்றைச் சரிசெய்தால் அடுத்தது. பைதானிலேயே தொடர எக்ஸர்சிசம் என்ற பயிற்சித் தளம் நல்லது, அதுவும் இலவசம்.

பெரம்பூரிலிருந்து: தமிழை வைத்து ஒரு பயிற்சி சொல்லுங்கள் அக்கா.

எனக்கு மிகவும் பிடித்தது இது. 'தமிழ்' என்பதன் நீளத்தை லென் (நீளம் சொல்லும் கட்டளை) போட்டுக் கேள். நமக்கு மூன்று எழுத்து, பைதான் 5 என்று சொல்லும். கம்ப்யூட்டர் எழுத்துகளுக்கான யூனிகோட் முறையில் இகரக் குறியும் மெய்யின் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகள், அவற்றையும் சேர்த்து எண்ணிவிடுகிறது. திரையில் தமிழ் உடைந்து தெரிந்தாலும் கணக்கு மாறாது. குறிகளை விட்டுவிட்டு எழுத்துகளை மட்டும் எண்ணும் நிரல் எழுது. எது குறி, எது எழுத்து என்று பார்க்க, பைதானோடு வரும் யூனிகோட்டேட்டா என்ற தொகுதி உதவும். அது சரியாக வந்ததும் 'லக்ஷ்மி' கொடுத்துப் பார். க்ஷ்-ஐ ஒரே எழுத்தாக எண்ண வைத்துவிட்டு எனக்கு எழுது.