எம்-புக்கைக் கேளுங்கள்: ஆர்டிஐ கேள்வி பதில்

தகவல் உரிமை (ஆர்டிஐ) மனு பற்றியும், அதை நம் திருநெல்வேலிச் சீமையின் தலைவர்களும் கவுன்சிலர்களும் எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்பது பற்றியும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் எனக்குத் தெரிந்தவற்றுக்குப் பதில் சொல்கிறேன். பட்டா, வாரிசுச் சான்று கேட்டு எழுதியவர்கள் தாலுகா அலுவலகத்துக்குப் போங்கள். அது இங்கே பேசும் விஷயமில்லை.

களக்காடு பக்கத்திலிருந்து: அண்ணாச்சி, எங்கள் தெருவில் போட்ட பேவர் பிளாக் ஒரு வருஷத்துக்குள் பெயர்ந்துவிட்டது. "ஏன் தரமில்லாமல் போட்டீர்கள், யார் பொறுப்பு?" என்று மனு போட்டேன். "இது தகவல் என்ற வரையறைக்குள் வராது" என்று பதில். தலைவர் சொல்லித்தான் மறைக்கிறார்களா?

தலைவர் சொல்லவே தேவையில்லை, நீங்கள் கேட்ட விதமே அவர்களுக்கு வழிவிட்டுவிட்டது. தகவல் உரிமைச் சட்டத்தின் 2(எஃப்) பிரிவின்படி தகவல் என்பது அலுவலகத்தில் ஏற்கெனவே இருப்பது: ஆவணம், பதிவேடு, உத்தரவு, அறிக்கை, மாதிரி. இல்லாத ஒன்றைப் புதிதாக உருவாக்கித் தர வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2011இல் சிபிஎஸ்இ வழக்கில் சொல்லிவிட்டது. அதனால் "ஏன்" என்று கேட்காதீர்கள். தாளைக் கேளுங்கள்.

தெரு வேலைக்கு என்னென்ன தாள் உண்டு? ஊராட்சித் தீர்மானம், மதிப்பீடு, நிர்வாக அனுமதி, வேலை உத்தரவு, எம்-புக், பில். இதில் உயிர்நாடி எம்-புக், அதாவது அளவுப் புத்தகம். நீளம், அகலம், கனம், மொத்த அளவு என்று கட்டம் கட்டமாக எழுதிப் பொறியாளர் கையெழுத்துப் போட்டிருப்பார். அதை வைத்துத்தான் காண்ட்ராக்டருக்குப் பணம் போகிறது. நான் பார்த்த ஒரு நகலில் தெரு நெடுக அகலம் மூன்று மீட்டர் என்று இருந்தது. அந்தத் தெருவோ அம்மன் கோவில் முக்கில் இரண்டு மீட்டராக ஒடுங்கிவிடும். லோடு ஆட்டோ நுழைந்தால் எதிரே சைக்கிள் வர முடியாது. தெருக்காரர்கள் டேப்பைப் பிடித்து அளந்து, நகலின் ஓரத்தில் எழுதினார்கள். வேறு எதுவும் பேச வேண்டியிருக்கவில்லை.

2(ஜே) பிரிவில் வேலையை நேரில் பார்வையிடவும் சான்றிட்ட மாதிரி எடுக்கவும்கூட உரிமை உண்டு. அநேகமாக யாருமே அதைக் கேட்பதில்லை. நீங்கள் கேளுங்கள்.

மேலப்பாளையம்: கட்டணம் எவ்வளவு? எப்படிக் கட்டுவது?

பத்து ரூபாய். கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பிவிட்டு ரசீதையும் மனுவின் நகலையும் பத்திரமாக வையுங்கள். பாதி மனுக்கள் இந்த ரசீது இல்லாமல்தான் சாகின்றன.

பாளையங்கோட்டை: வார்டு கவுன்சிலர் பெயருக்கே மனு அனுப்பினேன். வாங்க மறுத்துவிட்டார்.

கவுன்சிலர் தனியாக ஒரு பொது அதிகார அமைப்பு இல்லை. மாநகராட்சியில் இந்த மனுக்களுக்குப் பதில் தரும் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். எம்எல்ஏ தொகுதி நிதி வருஷத்துக்கு 3 கோடி, எம்பி நிதி 5 கோடி. இவற்றின் கோப்புகளும் அவர்கள் வீட்டில் இருக்காது, மாவட்ட நிர்வாகத்தில்தான் இருக்கும்; கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்துக்கு எழுதுங்கள். அலுவலகம் மாறிப் போனால் 6(3) பிரிவின்படி ஐந்து நாளில் சரியான இடத்துக்கு அவர்களே அனுப்ப வேண்டும்.

மானூர் பக்கம்: எங்கள் குளத்தை ஏன் தூர்வாரவில்லை என்று கேட்கலாமா?

கேட்கக் கூடாது. களக்காட்டுக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள். கடைசியாகத் தூர்வாரிய வேலையின் மதிப்பீடு, எம்-புக், பில் மூன்றையும் கேளுங்கள்.

நாங்குநேரி வட்டாரத்து ஊராட்சித் தலைவர்: நான் 2021 அக்டோபர் தேர்தலில் வந்தவன். உங்கள் பதில்களையெல்லாம் படிக்கிறேன், ஒரு பக்கத்தை மட்டும்தான் பேசுகிறீர்கள். எங்கள் ஒன்றியத்தில் ஒரே ஆள் எல்லா ஊராட்சிக்கும் மனு போடுகிறார். மறு வாரம் காண்ட்ராக்டருக்கு போன் வருகிறது, "பார்த்துச் செய்தால் விட்டுவிடுகிறேன்" என்று. எங்களுக்கு இருப்பது ஒரு ஊராட்சிச் செயலர். வரி, தண்ணீர், தெருவிளக்கு எல்லாம் அவர் தலையில். நகல் எடுத்துக் கொடுப்பதே வேலை என்றால் ஊர் வேலையை யார் பார்ப்பது?

தலைவரே, நேராக வந்து கேட்டதற்கு நன்றி. பெரும்பாலான தலைவர்கள் மனு போட்டவனிடம் "உன்னை யார் தூண்டிவிட்டது?" என்றுதான் கேட்கிறார்கள்.

நீங்கள் சொல்கிற ஆட்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. மிரட்டிப் பணம் கேட்பது குற்றம். போன் பேச்சைப் பதிவு செய்து காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள், நானே உங்கள் பக்கம் நிற்பேன். ஆனால் அந்த ஆள் காண்ட்ராக்டரிடம் எதை விற்கிறார் என்று யோசியுங்கள். ஊருக்குத் தெரியாத ஒரு தாளைப் பற்றிய மௌனத்தை விற்கிறார். அதே எம்-புக் நகல் ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டியிருந்தால் அவரிடம் விற்க என்ன இருக்கும்? மறைக்கிற ஒவ்வொரு தாளும் அவருக்குக் கைமுதல். அந்த முதலைப் போட்டுக் கொடுப்பது நீங்கள்தான்.

யாரும் கேட்காமலே வெளியிட வேண்டியவை என்று சட்டமே 4(1)(பி) பிரிவில் பட்டியல் போட்டிருக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு கிராம சபை நடக்கிறது. வரவு செலவை வாசிக்கும்போது அந்தக் காலத்தில் முடிந்த வேலைகளின் நகல்களையும் மேசையில் வையுங்கள். அப்புறம் மனு வந்தால் "கிராம சபையில் வைத்தது இதுதான்" என்று ஒரே வரியில் பதில் அனுப்பலாம். செயலரின் பாரமும் குறையும். கட்டுக் கட்டாகக் கேட்கிற மனுவுக்கு, நேரில் வந்து பதிவேட்டைப் பார்வையிடச் சொல்லுங்கள். முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் கிடையாது.

இந்தச் சட்டத்தின் வேரே ஊராட்சிக் கணக்கில்தான் இருக்கிறது. 1994இல் ராஜஸ்தான் கிராமங்களில் கூலிக்காரர்கள் திறந்த வெளியில் கூடி, வருகைப் பதிவேட்டைச் சத்தமாக வாசிக்கக் கேட்டார்கள். செத்தவர் பெயரிலும் கூலி எழுதியிருந்தது அப்படித்தான் வெளியே வந்தது.

அதே தலைவர்: மேசையில் வைத்தால் எதிர் அணிக்காரன் அதையே நோட்டீஸ் அடித்துத் தேர்தலுக்கு விடுவான். சரி, பெரிய கட்சிகளிடம் இதைக் கேட்பீர்களா? சின்ன ஊராட்சித் தலைவன்தான் கிடைத்தானா?

நோட்டீஸ் அடிக்கட்டும். கணக்குச் சரியாக இருந்தால் அவர் காசில் உங்களுக்கு விளம்பரம்.

பெரிய கட்சிகள் பற்றிய உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. 2013 ஜூனில் மத்தியத் தகவல் ஆணையம், காங்கிரஸ், பாஜக, இரண்டு கம்யூனிஸ்ட் கட்சிகள், தேசியவாத காங்கிரஸ், பகுஜன் சமாஜ் ஆகிய ஆறும் இந்தச் சட்டத்துக்குள் வரும் என்று உத்தரவிட்டது. ஒரு கட்சியும் தகவல் அலுவலரை நியமிக்கவில்லை. கட்சிகளுக்கு விலக்குக் கொடுக்க அதே ஆகஸ்டில் மசோதாவே கொண்டுவந்தார்கள். அது நிறைவேறாமல் போனது. கட்சிகளுக்கு நன்கொடை தரும் தேர்தல் பத்திரத்தில் யார் யாருக்குக் கொடுத்தார் என்பது, 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் திட்டத்தை ரத்து செய்த பிறகுதான் ஊருக்குத் தெரிந்தது. நம் மாநிலத்தையே எடுங்கள். 1997இல் நாட்டிலேயே முதலில் தகவல் உரிமைச் சட்டம் போட்டது தமிழ்நாடு. ஆனால் அது விலக்குகள் மலிந்த சட்டம். கதவைத் திறந்த கையோடு தாழ்ப்பாளையும் மாட்டுகிற இந்தப் பழக்கம் எல்லாக் கட்சிக்கும் பொது.

பெரியவர்கள் காட்டவில்லை என்பது உங்கள் தீர்மானப் புத்தகத்தை மூடி வைக்கக் காரணமாகாது, தலைவரே. அந்தப் பணத்துக்கு வரி கட்டியவர்கள் உங்கள் தெருவில்தான் குடியிருக்கிறார்கள்.

வள்ளியூர்: தலைவர் சொல்வது சரிதானே? காரணம் சொல்லாமல் யாரும் மனு போடலாம் என்பதால்தானே இவ்வளவு தொல்லை?

2014 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றமே காரணம் சொல்ல வேண்டும் என்று தீர்ப்பில் எழுதியது. காரணம் கேட்கக் கூடாது என்று 6(2) பிரிவு தெளிவாகச் சொல்வதைக் கவனித்து, சில நாளிலேயே அந்தப் பகுதியை நீக்கியது. நீதிமன்றமே திருத்திக்கொண்ட ஒன்றை நாம் மறுபடி கிளற வேண்டாம்.

அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு பெண்: மனு போட்ட மூன்றாம் நாள் தலைவர் வீட்டு ஆள் ஒருவர் வாசலில் வந்து நின்று, "இதெல்லாம் உமக்கு எதுக்கு?" என்று கேட்டார் அண்ணாச்சி. வீட்டில் பயப்படுகிறார்கள். விட்டுவிடவா?

விட வேண்டாம் அம்மா, ஆனால் தனியாகவும் நிற்காதீர்கள். உங்கள் பெயர் அலுவலகத்திலிருந்துதான் கசிந்திருக்கிறது. நம் பக்கம் நடக்கிற மிக மோசமான காரியம் இதுதான். அதே மனுவைத் தெருவில் நாலைந்து பேர் தனித்தனியாகப் போடுங்கள். எல்லா வாசலிலும் போய் நிற்க அவர்களால் முடியாது. தபால் பெட்டி எண்ணை முகவரியாகக் கொடுத்தாலும் செல்லும். கொல்கத்தா உயர் நீதிமன்றம் 2013இல் இதைச் சொன்னது. மறுபடி வந்தால் தேதி, நேரம், வந்தவர் பெயர் எழுதி எஸ்.பி. அலுவலகத்திலும் ஆட்சியரிடம் திங்கட்கிழமை மனு நாளிலும் கொடுங்கள்.

ராதாபுரம்: பக்கத்துக் கல்குவாரி யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டால் "தனிநபர் விவரம்" என்று மறுக்கிறார்கள்.

2023 தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்து, தனிநபர் விவரத்துக்கு விலக்குத் தரும் 8(1)(ஜே) பிரிவை மாற்றியதிலிருந்து இந்தச் சாக்கு அதிகமாகிவிட்டது. எனக்கு ஆற்றாமையாக இருக்கிற மாற்றம் இது. ஆனால் 8(2) இன்னும் இருக்கிறது: பொது நலன் பெரிதென்றால் விலக்குக்குள் வருவதையும் கொடுக்கலாம். 2022 மே மாதம் அடைமிதிப்பான்குளம் குவாரியில் பாறை சரிந்து தொழிலாளர்கள் இறந்த மாவட்டம் இது. பொது நலனுக்கு வேறு சாட்சி வேண்டாம். மேல்முறையீட்டில் அதைக் குறிப்பிடுங்கள். குத்தகை உத்தரவும், கல் ஏற்றிப் போகும் வண்டிக்குத் தரும் நடைச்சீட்டின் பதிவேடும் கனிமவளத் துறையில் இருக்கும். பாதுகாப்பு ஆய்வு அறிக்கைக்கு மத்திய அரசின் சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகத்துக்குத் தனி மனு போடுங்கள்.

தச்சநல்லூர்: தெருவிளக்கு ஏன் எரியவில்லை என்று…

மறுபடியும் "ஏன்". மேலே இரண்டு முறை சொல்லிவிட்டேன்.

சேரன்மகாதேவி: முப்பது நாள் தாண்டிவிட்டது. பதிலே இல்லை. அடுத்து என்ன?

அடுத்த முப்பது நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள், இதற்குக் கட்டணம் இல்லை. கெடு தாண்டியதால் நகல்களை இனி இலவசமாகத்தான் தர வேண்டும் என்று 7(6) பிரிவைக் குறிப்பிடுங்கள். அங்கேயும் சரிப்படாவிட்டால் தொண்ணூறு நாளுக்குள் சென்னையில் மாநிலத் தகவல் ஆணையம். நாளுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 வரை அலுவலருக்கு அபராதம் போட அதற்கு அதிகாரம் உண்டு. விசாரணைக்கு வர நாளாகும், பொறுமை வேண்டும். மனு நகலும் ஸ்பீடு போஸ்ட் ரசீதும் இருக்கிறதா? இருந்தால் இன்றைக்கே எழுதுங்கள்.