செயற்கைக்கோள் ஈரப்பதத் தரவை வைத்துக் கனமழையையும் வெள்ளத்தையும் ஆராய முடியுமா?

முடியும். ஆனால் எந்த ஈரம் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். காற்றின் ஈரம் வேறு, மண்ணின் ஈரம் வேறு. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டு பல மாதங்களை வீணடித்தவன் நான்.

காற்றின் ஈரத்துக்கு நம் இன்சாட்-3டிஆர் செயற்கைக்கோள் இருக்கிறது. அரை மணிக்கு ஒரு படம் தரும். அதன் நீராவிப் படத்தில் கோவைக்கு மேல் வெளுப்பாகத் தெரிந்தால் உடனே மழை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அது காட்டுவது பெரும்பாலும் நடு அடுக்கிலும் மேல் அடுக்கிலும் உள்ள நீராவியை. பாலக்காட்டுக் கணவாய் வழியே தரையை ஒட்டி நுழையும் காற்றின் ஈரம் அதில் சிக்காது.

வெள்ளம் என்றால் நான் மண்ணைத்தான் முதலில் பார்ப்பேன். எங்கள் அப்பாரு (தாத்தா) உழவுக் காட்டில் ஒரு கைப்பிடி மண்ணை அள்ளி உருண்டை பிடிப்பார். உதிர்ந்துபோனால், ஓர் உழவு மழையை மண்ணே குடித்துவிடும். உருண்டை நின்றுவிட்டால், "இனிப் பெய்வதெல்லாம் பள்ளத்துக்குத்தான், கண்ணு" என்பார். (எங்கள் பக்கம் ஓடையைப் பள்ளம் என்போம்.)

நாசா 2015இல் அனுப்பிய ஸ்மாப் செயற்கைக்கோள் 685 கிலோமீட்டர் உயரத்திலிருந்து பிடிப்பதும் அதே உருண்டைதான். மண் இயல்பாகவே நுண்ணலைகளை உமிழ்கிறது. நனைந்தால் அந்த உமிழ்வு மங்கும். ஏறத்தாழ 21 சென்டிமீட்டர் அலைநீளம் என்பதால் மேகம் குறுக்கே நிற்காது. ஆனால் தெரிவது மேல்மண்ணில் 5 சென்டிமீட்டர் மட்டும். அதுவும் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை, சுமார் 40 கிலோமீட்டர் அகலமுள்ள ஒரு கட்டத்துக்கு ஒரே எண்.

அந்த அகலத்தில்தான் நான் வழுக்கி விழுந்தேன். சத்தியமங்கலம் பக்கத்து மண்ணீரத்தை வரைபடமாக்கினால், வெயில் கொளுத்தும் ஏப்ரலிலும் ஈரம் குறையவில்லை. பெரிய கண்டுபிடிப்பு என்று இரண்டு வாரம் மிதப்பில் திரிந்தேன். கடைசியில் பார்த்தால், பவானிசாகர் அணையின் நீர்ப்பரப்பு கட்டத்துக்குள் விழுந்து மண்ணை ஈரமாகக் காட்டியிருக்கிறது. இந்த எண்ணை அப்படியே நம்பாதே என்று சொல்லும் எச்சரிக்கைக் குறியீடு தரவுக் கோப்பிலேயே இருந்தது. நான்தான் திறந்து பார்க்கவில்லை.

மலைச் சரிவுக்கும் இந்தத் தரவு ஏற்றதல்ல. 2019 ஆகஸ்ட் 8 அன்று நீலகிரியின் அவலாஞ்சியில் 24 மணி நேரத்தில் 82 செ.மீ. மழை பதிவானது. முந்தைய நாட்களிலும் அங்கே மழைதான். மண் ஏற்கெனவே குடித்து முடித்திருக்கும். ஆனால் காடும் சரிவும் கலந்த ஒரு கட்டத்தின் சராசரியை நம்பி அதைச் சொல்ல முடியாது. அங்கே மழைமானியையும் பில்லூர் அணையின் நீர்வரத்தையும்தான் நம்ப வேண்டும். கோவை நகரத்துக்கும் இது உதவாது. அரை மணி மழைக்கே லங்கா கார்னர் ரயில்வே பாலத்தடியில் தண்ணீர் நிற்பதற்கும் மண்ணீரத்துக்கும் என்ன சம்பந்தம்?

வெள்ளம் எதுவரை பரவியது என்று அறிய சென்டினல்-1 செயற்கைக்கோளின் ரேடார் படம் நல்லது. அசையாத தண்ணீர் அதில் கறுப்பாகத் தெரியும். கோபிசெட்டிபாளையம் பக்கம் தடப்பள்ளி வாய்க்கால் வயல்களில் நடவு நேரத்தில் நிற்கும் தண்ணீரும் அதே கறுப்புதான்! மழைக்கு முந்தைய படத்தைப் பக்கத்தில் வைக்காமல் பார்த்தால் கோபியே மூழ்கியதாகக் கணக்கு வரும்.

நீங்கள் தொடங்குவதானால் காங்கேயம், தாராபுரம் பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கொறங்காடுகள் (மேய்ச்சல் நிலங்கள்) பரந்து கிடக்கும் திறந்த நிலம். பெருங்காடும் மலையும் குறுக்கிடா. ஸ்மாப் தரவு இலவசம், கணக்குத் தொடங்கினால் போதும். ஒரு கனமழை நாளை எடுத்து, அதற்கு முந்தைய பத்து நாட்களின் மண்ணீரத்தை வரிசையாக அடுக்கிப் பாருங்கள். எச்சரிக்கைக் குறியீட்டையும் திறந்து பாருங்கள்.