போட்ட ஊசிக்கு மூடி வேண்டாம்

கேள்வி: தாராவியில் ஒரு சிறிய கிளினிக்கில் உதவியாளராக இருக்கிறேன். போட்ட ஊசியை மூடி, பஞ்சோடு ஒரே கூடையில் போடச் சொல்கிறார்கள். சென்ற மாதம் மூடும்போது விரலில் குத்திவிட்டது. பயமாக இருக்கிறது.
- வாசகி, மும்பை

பதில்: முதலில் இரத்தப் பரிசோதனை, தங்கையே. எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி மூன்றுக்கும் இந்த வாரமே அரசு மருத்துவமனையில் செய்துகொள்ளுங்கள். தொற்றுள்ளவருக்குப் போட்ட ஊசி குத்தினாலும் எச்.ஐ.வி. பரவும் வாய்ப்பு ஆயிரத்தில் சுமார் 3தான். ஹெபடைடிஸ் பி அப்படியல்ல. தடுப்பூசி போடாதவருக்கு நூற்றில் 30 வரைகூடப் போகும். அந்தத் தடுப்பூசியைப் போடச் செய்வது கிளினிக்கின் கடமை என்று 2016ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு விதிகளே சொல்கின்றன. தயங்காமல் கேளுங்கள்.

இனி எப்போதாவது குத்தினால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பிதுக்காதீர்கள், வாயில் வைக்காதீர்கள். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை 2 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. 72 மணி நேரம் தாண்டினால் கொடுப்பதில்லை.

நான் வார்டில் செவிலியராக இருந்தபோது பார்த்த காயங்களில் பல இடது கைச் சுட்டுவிரலில்தான். மூடியைப் பிடிக்கும் விரல் அது! ஊசி போட்ட கையோடு, மூடாமல், துளைக்க முடியாத வெள்ளை டப்பாவில் போட்டுவிட வேண்டும். டப்பா கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். முக்கால் பங்கு நிறைந்ததும் மூடிவிடுங்கள். இரத்தம் பட்ட பஞ்சுக்கு மஞ்சள் பை. கூடையில் கலந்த ஊசி, குப்பை பிரிக்கும் பெண்களின் வெறுங்கையில் குத்தும். இதையும் உங்கள் டாக்டரிடம் சொல்லுங்கள்.