ஆங்கில வகுப்பு: உங்கள் கேள்வி, என் பதில்

கேள்வி: ஒன்பதாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். தேர்வில் பக்கம் பக்கமாக எழுதும் பிள்ளைகள், ஒரு வாக்கியம் பேசச் சொன்னால் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: உங்கள் பாடவேளை ஒன்றைக் கைப்பேசியில் பதிவு செய்து கேட்டுப் பாருங்கள். கசக்கும்; ஆனாலும் கேளுங்கள். கேள்வி கேட்டபின் எத்தனை நொடி பொறுத்திருக்கிறீர்கள்? மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் அறிவியல் வகுப்புகளில் இதை அளந்தார். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் பொறுத்தார்கள். 3 நொடி பொறுத்தபோது விடைகள் நீண்டன. தாமாக வாய் திறந்தவர்களும் கூடினார்கள். வினைச்சொல்லைத் தேடி, காலத்தைப் பொருத்தி, உச்சரிப்புக்கும் பயப்படும் உங்கள் மாணவிக்கு ஒரு நொடி எந்த மூலைக்கு?

அடுத்து, ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பப் பேசவிடுங்கள். நியூசிலாந்துப் பேராசிரியர் பால் நேஷன் எழுதிப் பரப்பிய முறை ஒன்று உண்டு. ஒருவர் தன் இணையிடம் 4 நிமிடம் பேச வேண்டும். பிறகு இணையை மாற்றி, அதே செய்தியை 3 நிமிடத்தில். மறுபடி மாற்றி 2 நிமிடத்தில். என் வகுப்புக்கு அது அதிகம் என்று 3, 2, 1 ஆகச் சுருக்கிக்கொண்டேன். முதல் சுற்றில் "ஐ... டயர்... பஞ்சர்... தென்..." என்று இழுத்த பையன், கடைசிச் சுற்றில் "தி டயர் வாஸ் ஃபிளாட், ஸோ ஐ புஷ்ட் தி சைக்கிள்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டான். கேட்பவர் ஒவ்வொரு முறையும் புதியவர் என்பதால் சலிப்பும் தட்டாது. அப்போது பிழை திருத்துகிறேன் என்று குறுக்கே போகாதீர்கள். வகுப்பு சந்தைக்கடையாகத்தான் இருக்கும். தலைமை ஆசிரியர் எட்டிப் பார்ப்பார்; பார்க்கட்டும்.

கேள்வி: என் மாணவி எப்போதும் "ஷி கோ" என்கிறாள். ஒவ்வொரு முறையும் "ஷி கோஸ்" என்று திருத்திச் சொல்கிறேன். பலனே இல்லையே?

பதில்: அந்த 'ஸ்' முதல் பாடங்களிலேயே வந்துவிடுகிறது, நாவில் குடியேறுவதோ கடைசியில்தான். டூலே, பர்ட் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1974இல் ஆங்கிலம் கற்கும் ஸ்பானிய, சீனப் பிள்ளைகளை ஆராய்ந்தபோது, தாய்மொழி வேறாக இருந்தும் இலக்கணக் கூறுகள் படியும் வரிசை ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. எனவே அவள்மேல் கோபப்படாதீர்கள். நீங்கள் திருத்திச் சொல்வது அவள் காதில் "ஆமாம், சரி" என்றே விழுகிறது. கனடாவின் பிரெஞ்சு வகுப்புகளைக் கவனித்த லிஸ்டரும் ரான்டாவும் 1997இல் எழுதியதும் இதுதான்: ஆசிரியர்கள் அதிகம் கையாண்ட முறை இது, மாணவர்கள் மிகக் குறைவாகப் பிடித்துக்கொண்டதும் இதைத்தான். "ஷி...?" என்று பாதியில் நிறுத்திப் புருவத்தை உயர்த்துங்கள். மீதியை அவளே சொல்லட்டும்.

கேள்வி: ஆங்கில வகுப்பில் தாய்மொழி பேசலாமா?

பதில்: தாராளமாக. ஒரு சொல்லின் பொருளை விளக்க அரை வகுப்பு அபிநயம் பிடிப்பதைவிட, தாய்மொழியில் சட்டென்று சொல்லி முடித்துவிடலாம். புத்தகத்தைத் திற, இணையாக உட்கார், மறுபடி சொல் என்ற அன்றாடக் கட்டளைகள் மட்டும் முதல் நாளிலிருந்தே ஆங்கிலத்தில் இருக்கட்டும்.